புரட்டாசிக்குத் தப்பிய மாமா

(இடம்: இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் நெயில்ஸ்வொர்த் என்ற சின்ன ஊர். ஊருக்கு மேலே ஒரு குன்று. குன்றின் தலையில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் மைதானம். நாள்: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மூன்று மணிக்கு ஆட்டம். மாமாவுக்கு வேலூர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குமார் அவருடைய அக்கா மகன், குளோஸ்டரில் வேலை பார்க்கிறான். இருவரும் மேடேறிக்கொண்டிருக்கிறார்கள்.)

மாமா: இன்னும் எவ்ளோ தூரம்டா மாப்ள? முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்துடும் போல.

குமார்: அதோ தெரியுது பாருங்க மாமா. இன்னும் ஒரு வளைவுதான்.

மாமா: இதையேதான் முந்தின வளைவுலயும் சொன்ன. அலிபிரிப் படியில ஏறுற மாதிரி இருக்கு. அங்கயாவது மேல போனா லட்டு.

குமார்: நீங்கதானே கேட்டீங்க? இங்கிலாந்து வரைக்கும் வந்துட்டு ஒரு ஃபுட்பால் மேட்ச் பாக்காம போனா வேலூர்ல மரியாதை இல்லன்னு.

மாமா: மேட்ச் கெடக்குது விடு. யூடியூப்ல பாத்தேன்டா. இன்டர்வெல் விட்டதும் ஊரே எழுந்து போய் ஆளுக்கு ஒரு பை வாங்கினு வருது. புரியுதா? பை. மாவு ஓட்டுக்குள்ள கறியை வெச்சுச் சுடுறது. கூடவே ஒரு கப்புல ஆவி பறக்க இன்னாவோ குடிக்கிறான்.

குமார்: போவ்ரிலா இருக்கும். மாட்டிறைச்சிச் சாறை சுண்டக் காய்ச்சி வெச்சிருப்பாங்க. அதுல வெந்நீர் ஊத்திக் குடிக்கிறது. குளிருக்கு இதமா இருக்கும்னு மேட்சுக்கு வர்றவங்க ரொம்ப காலமா குடிக்கிறாங்க.

மாமா: பாத்தியா! நம்ம ஆட்டுக்கால் சூப்புக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். இதுக்காகத்தான்டா ஆவணி கடைசியில ஃபிளைட் ஏறினேன். திரும்பி இறங்குறது ஐப்பசி ஒண்ணு. நடுவுல ஒரு நாள் கூட புரட்டாசி என் மேல படாது. நாற்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு லீவு நான் போட்டதே இல்ல.

குமார்: அத்தைக்குத் தெரியாது, இல்ல?

மாமா: உங்க அத்தை கேட்டா நான் இங்க தயிர்சாதமும் எலுமிச்ச ஊறுகாயும். போன வாரம் வீடியோ கால்ல வந்தாளே, கையில இருந்தது காலிஃப்ளவர்னு நம்பிட்டா.

குமார்: அது சிக்கன் லெக் பீஸ் மாமா. காலிஃப்ளவர்ல எலும்பு ஏது?

மாமா: தண்டுன்னு சொன்னேன். நம்பிட்டா. அதுக்கு முந்தின வாரம் மீனு. நீதானே சாட்சி சொன்ன, வெறும் உருளைக்கிழங்குதான் அத்தைன்னு?

குமார்: இன்னும் மனசுல உறுத்துது.

(மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கவுண்டர் முன்னால் வரிசை. மாமா இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்கிறார்.)

மாமா: எனக்கு மட்டன் பை ரெண்டு. இல்லன்னா பீஃப். அதுவும் இல்லன்னா போனா போகுது, சிக்கன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல.

குமார்: மாமா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வழியிலயே சொல்லியிருப்பேன், சொன்னா நீங்க மேடு ஏற மாட்டீங்க.

மாமா: கறி தீர்ந்துடுச்சா?

குமார்: தீரல. 2015-ல இருந்தே கிடையாது. இது வீகன் கிளப் மாமா.

மாமா: வேகனா? காட்பாடி யார்டுல வரிசையா நிக்குமே, அதுவா?

குமார்: வீகன். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. 2017-ல வீகன் சொசைட்டி சர்டிஃபிகேட்டே குடுத்துடுச்சு. உலகத்துலயே முதல் வீகன் ஃபுட்பால் கிளப் இதுதான்.

மாமா: இந்த நாட்டுல எத்தனை மைதானம் இருக்கு?

குமார்: பெரிசு சின்னதுன்னு நூத்துக்கணக்குல.

மாமா: அத்தனையில கறி இல்லாத ஒரே மைதானத்துக்கு, புரட்டாசி மூணாம் சனிக்கிழமை, மலையேத்தி என்னைக் கூட்டினு வந்திருக்க.

குமார்: பக்கம் மாமா. டிக்கெட்டும் விலை கம்மி.

மாமா: நான் விசா வாங்கி ஓடி வந்தேன்டா. பெருமாள் விசா இல்லாமயே வந்து நிக்கிறாரு.

குமார்: சரி, முதல்ல சூடா ஒரு டீ குடிங்க.

மாமா: (ஒரு வாய் குடித்துவிட்டு) இதுல இன்னாடா கலந்திருக்கான்?

குமார்: ஓட்ஸ் பால்.

மாமா: ஓட்ஸுக்கு ஏதுடா மடி?

குமார்: ஊற வெச்சு, அரைச்சு, வடிகட்டுறது. மாட்டுப்பாலும் வீகனுக்கு ஆகாது மாமா. தயிர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாது.

மாமா: இருடா. புரட்டாசியில பால் உண்டு. தயிர் உண்டு. நெய்ப் பொங்கல் உண்டு. பெருமாளே அனுமதிச்சதை இவன் யாரு தடுக்க? தேனாவது உண்டா?

குமார்: தேனீ உழைச்சுச் சேத்தது, அதுவும் கிடையாது.

மாமா: அப்ப ஏழுமலையானே பிரசாத லட்டோட வந்தாலும் கேட்லயே நிக்க வெச்சுடுவானுங்க. நெய்யிருக்கு, போய்ட்டு வாங்கன்னு.

குமார்: (சிரித்து) நம்ம மசால் வடை தாராளமா உள்ள வரலாம். சுண்டல் வரலாம். நெய் விடாத தோசையும் வரலாம்.

மாமா: அப்ப அதைப் போட வேண்டியதுதானே! காலையில கழனியில இறங்குற மாட்டுக்குக் காட்டுற மாதிரி ஓட்ஸை எதுக்குடா காட்டுறான்? இந்த யோசனையெல்லாம் யாரு தலையில உதிச்சது?

குமார்: டேல் வின்ஸ்னு ஒருத்தர். உங்க லைன்தான் மாமா, கரண்ட்டு. ஒரு காலத்துல பழைய ராணுவ லாரியை வீடாக்கி, மேல ஒரு குட்டிக் காத்தாடி வெச்சு அதுல விளக்கு எரிச்சவரு. அப்புறம் காத்தாலை மின்சாரம் விக்கிற ஈக்கோட்ரிசிட்டி கம்பெனி ஆரம்பிச்சாரு. 2010-ல இந்தக் கிளப்பைக் கையில எடுத்தாரு. மறு வருஷமே ஆட்டுக்கறி மாட்டுக்கறியை நிறுத்தினாரு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மத்ததும் போச்சு.

மாமா: காத்தாடிக்கும் கறிக்கும் இன்னாடா பகை? ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல போய்ப் பாரு, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் காத்தாடி. அதுக்குக் கீழதான் புரோட்டா சால்னா ஓடுது. நாங்களும் போர்டுல இருந்தோம். லைனைத்தான் புடுங்குனோமே தவிர எவன் இலையிலயும் கை வெச்சதில்ல.

குமார்: கால்நடை வளர்க்குறதால பூமி சூடாகுதுன்னு அவர் நம்புறாரு. அதனால இங்க எல்லாமே அந்தக் கணக்குதான். புல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்க மாட்டாங்க. புல்லு வெட்ட ஒரு ரோபோ உண்டு, சூரிய மின்சாரத்துல ஓடும். ஒரு வருஷம் ஜெர்சியில பாதி மூங்கில் நாரு. இன்னொரு தடவை காப்பிச் சக்கையையும் பழைய பிளாஸ்டிக்கையும் சேத்து ஜெர்சி பண்ணாங்க.

மாமா: காப்பிச் சக்கையை உடுத்திட்டாங்க. காப்பிக்குப் பால் இல்லன்னா வேற இன்னா பண்றது.

குமார்: டீமோட செல்லப் பேரு தெரியுமா? கிரீன் டெவில்ஸ். பச்சைப் பேய்கள்.

மாமா: பேயா? எங்க ஊருல முனீஸ்வரன் கேட்டாருன்னா கிடா வெட்டி சுருட்டு பத்தவெச்சுத் தருவோம். இங்க பேய்க்கே கீரையா? பாவம்டா. இதுங்க எப்படி ஜெயிக்கும்?

குமார்: ஏன், ஜெயிச்சாங்களே. கிளப் ஆரம்பிச்சது 1889. அன்னையிலருந்து ஃபுட்பால் லீக் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்ல. கறியை முழுசா நிறுத்தி ரெண்டு வருஷத்துல, 2017-ல, முதல் முறையா லீக்ல ஏறினாங்க. 2022-ல லீக் டூங்கற நாலாவது டிவிஷன்ல சாம்பியன் ஆகி ஒரு படி மேல போனாங்க.

மாமா: அப்ப இப்ப இன்னா லீக்ல இருக்காங்க?

குமார்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) 2023-ல ஒரு படி இறங்கினாங்க.

மாமா: ம்.

குமார்: 2024-ல இன்னொரு படி.

மாமா: ம்ம். ஒரு ஈரல் வறுவல் போட்டிருந்தா நின்னிருப்பான்.

குமார்: ஏறினதும் அதே சாப்பாட்டுலதானே மாமா?

மாமா: ஏறும்போது உடம்புல பழைய கறி மிச்சம் இருந்திருக்கும். அது தீர்ந்ததும் இறங்கிட்டான். பேட்டரி மாதிரி.

குமார்: அப்படியெல்லாம் இல்ல. ப்ளேயருங்க வீட்டுல எதை வேணா சாப்பிடலாம். கிளப்புக்குள்ளயும் மேட்ச் அன்னிக்கும்தான் இந்தச் சாப்பாடு.

மாமா: வீட்டுல சாப்பிடலாமா? பாத்தியா, என்னை விட அவனுங்க கொடுத்து வெச்சவனுங்க. சரி வா, ஒரு பீராவது அடிப்போம். அதுல கையை வைக்க முடியாதில்ல? பார்லி சைவம்தானே?

குமார்: அதுவும் இங்க பாத்துத்தான் எடுப்பாங்க. இந்த ஊருல பீப்பாயில வர்ற பீரைத் தெளிய வைக்க மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கற ஒரு பொருளைப் போடுவாங்க. இசின்கிளாஸ்னு பேரு. காலங்காலமா இருக்கிற பழக்கம். இங்க அது போடாத பீருதான்.

மாமா: (அதிர்ந்து) பீர்ல மீனா?

குமார்: எல்லாத்துலயும் இல்ல மாமா. இந்த ஊருல சிலதுல.

மாமா: இல்லடா, எனக்கு வேற கவலை. புரட்டாசியில கறிதானே கூடாதுன்னு வருஷா வருஷம் பீரோட நிறுத்திப்பேன். அதுலயும் மீனு இருந்திருந்தா, அத்தனை வருஷக் கணக்கும் பெருமாள் புஸ்தகத்துல எம்பேர்ல கடனா ஏறியிருக்குமே.

குமார்: நம்ம ஊரு பீர்ல மீனைப் போடுறாங்கன்னு யாரு சொன்னா? விடுங்க. எனக்குப் பை சொல்லிட்டேன். கியூ பைன்னு பேரு. குவார்ன், லீக்ஸ், சோயா பால்ல கிண்டின சாஸ்.

மாமா: குவார்ன் யாரு?

குமார்: ஒரு வகைப் பூஞ்சை. தொட்டியில வளர்ப்பாங்க. கடிச்சா கோழி மாதிரி இருக்கும்.

மாமா: மழைக்காலத்துல செருப்புல வருமே, அதோட சொந்தமா?

குமார்: காளானுக்குச் சொந்தம்னு வெச்சுக்கோங்க. லீக்ஸ் வெங்காயத்துக்குச் சொந்தம்.

மாமா: கல்யாண வீடு மாதிரி எல்லாத்துக்கும் சொந்தக்காரனாத்தான் வர்றானே தவிர மாப்பிள்ளையைக் காணோம். எனக்கு அந்தப் பர்கரைச் சொல்லு. பாக்க கறி மாதிரி கருப்பா இருக்கு. கண்ணாவது நிறையட்டும்.

(இருக்கையில் அமர்கிறார்கள். ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. மாமா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுக்கிறார்.)

குமார்: என்ன மாமா அது?

மாமா: மாங்கா ஊறுகாய். நல்லெண்ணெய், மொளகாத்தூள், உப்பு. உங்க வின்ஸ் ஐயா வந்து சோதனை போட்டாலும் ஒண்ணும் சிக்காது. (பர்கரைத் திறந்து பூசி, ஒரு கடி கடிக்கிறார். மௌனம். இன்னொரு கடி.)

குமார்: எப்படி இருக்கு?

மாமா: பேசாத.

குமார்: நல்லா இருக்கா?

மாமா: கறின்னு சொல்லிக் குடுத்தா எங்க தெருவுல எவனும் கண்டுபிடிக்க மாட்டான். அதுதான்டா எரிச்சலா இருக்கு. (மூன்றாவது கடி) ஊறுகாயாலத்தான் நல்லா இருக்கு. அதையும் எழுதிக்கோ.

(போன் அடிக்கிறது.)

குமார்: அத்தையா?

மாமா: அவளேதான். அங்க மணி எட்டரை. மாவிளக்கு போட்டுட்டு வந்திருப்பா. எடுக்கிறேன் பாரு, இன்னிக்குதான்டா பயமில்லாம எடுக்கிறேன். வீடியோவையே போடுறேன். ஹலோ! சொல்லும்மா! கோவிந்தா கோவிந்தா!... ஆமா, கிரவுண்டுலதான்... கையிலயா? சாப்பிடுறேன்... பர்கர்... இல்ல இல்ல, கறி இல்ல. நம்ம குமாரு மேல சத்தியமா.

குமார்: மாமா, என் மேல எதுக்கு?

மாமா: சும்மா இருடா. இது செடியில பண்றதும்மா... கருப்பாத்தான் இருக்கு, செடிதான்... போன வாரமா? போன வாரம் காலிஃப்ளவர்... தண்டு... ஆமா, தண்டுதான்... அந்த ஃபோட்டோவை யாருகிட்ட காட்டின? பக்கத்து வீட்டு டாக்டரம்மாகிட்டயா?... அந்தம்மா இன்னா சொல்லுச்சு?... தொடை எலும்பா?

குமார்: போச்சு.

மாமா: சரி, அது போகட்டும், இது வேற. இந்த மைதானம் முழுக்க சைவம்டீ! பால் கூட கிடையாது! டீக்கே ஓட்ஸைக் கறந்து ஊத்துறான்!... குடிக்கல, நான் சத்தியமா குடிக்கல... குமாரு, நீ சொல்லுடா!

குமார்: அத்தை, நிஜமாவே கறி இல்ல அத்தை. இது வீகன்... அத்தை?... உருளைக்கிழங்கு... அது போன தடவை அத்தை... (போனை நீட்டி) மாமா, என் சாட்சி செல்லாதாம்.

மாமா: இரும்மா, போர்டைக் காட்டுறேன் பாரு... அங்க தூரத்துல இங்கிலீஷ்ல... வைக்காத, வைக்காத...

(ஃபாரஸ்ட் கிரீன் கோல் போடுகிறது. மைதானமே எழுந்து கத்துகிறது. முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, சந்தோஷத்தில் மாமாவைக் கட்டிப்பிடித்து, பீர் மணக்க ஆடிவிட்டுப் போகிறார்.)

மாமா: ...அவன் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. ஹலோ? ஹலோ?

குமார்: வெச்சுட்டாங்களா?

மாமா: வெச்சுட்டா. தீபாவளி வரைக்கும் அடுப்புல கறிச்சட்டி ஏறாதாம். அதுக்கப்புறம் கார்த்திகை மாலையும் போடணுமாம்.

குமார்: மூணு வாரத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் மாமா நீங்க நிஜமா விரதம் இருந்தீங்க.

மாமா: அதையும் அவகிட்ட சொல்லிடாத, மீதி நாளெல்லாம் எங்கன்னு கேப்பா. (பர்கரின் கடைசித் துண்டை உற்றுப் பார்க்கிறார். வாயில் போட்டுக்கொள்கிறார். விரலில் ஒட்டிய ஊறுகாயை நக்குகிறார்.) மாப்ள.

குமார்: சொல்லுங்க மாமா.

மாமா: பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல சிக்கன் கடை ஒண்ணு இருந்துதே. அது எத்தனை மணிக்குடா மூடுவான்?