அங்கீகாரம் வேறு, அடி வேறு

ஸ்பெயினின் ஒரு பகுதியான கேட்டலோனியாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம், "நீ பிரிவினையை ஆதரிக்கிறாயா, இல்லையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் ஆதரிக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து பிரிந்து தனிநாடாகலாமா என்று 2017 அக்டோபர் 1 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 43 சதவீதம் பேரே வாக்களித்தார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் தனிநாடு கேட்டார்கள் என்பதற்காக, வாக்களிக்க வராத பாதிக்கும் மேற்பட்ட மக்களின் நாட்டை மாற்றிவிட முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்பெயின் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பார்சிலோனா வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும், அந்த நாட்களில் ஐரோப்பா பேசிய பேச்சு எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வாக்கெடுப்பு நாளன்று மாலை, கேரளத்தின் தமிழக எல்லையோரத்தில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில், ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியில்தான் அந்தக் காட்சிகளைப் பார்த்தேன். அவை பள்ளிக்கூடங்கள். வாக்குச்சாவடிகளைப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பெற்றோர்கள் இரண்டு நாட்களுக்கு முன்பே அங்கே வந்து படுத்திருந்தார்கள். வாக்குப்பெட்டிகளை ரகசியமாகக் கொண்டுவந்து வீடுகளில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஸ்பெயின் அரசின் காவலர்கள் கண்ணாடிக் கதவை உடைத்து உள்ளே நுழைந்தார்கள், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களை இழுத்துத் தள்ளினார்கள், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் வரிசையில் நின்று, வாக்கு எந்திரத்தில் வேட்பாளரின் பெயரை மலையாளத்தோடு தமிழிலும் படித்து வாக்களிக்கிறவன் நான். மொழிச் சிறுபான்மையினருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பதை எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெட்டிகளைத் தூக்கிச் சென்ற காட்சி என்னை மிகவும் வருத்தியது.

மறுநாள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அறிக்கை வெளியிட்டது. ஸ்பெயின் அரசியல் சட்டப்படி அந்த வாக்கெடுப்பு செல்லாது என்றும், இது ஸ்பெயினின் உள்விவகாரம் என்றும் அது சொன்னது. அரசியலில் வன்முறை ஒரு கருவியாக இருக்கவே கூடாது என்று ஒரு வரியும் அதில் இருந்தது. யார் யாரை அடித்தார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. இரண்டு நாட்கள் கழித்து, அதே ஆணையத்தின் துணைத் தலைவர் ஃபிரான்ஸ் டிம்மர்மன்ஸ், சட்டத்தை நிலைநாட்டுவது அரசின் கடமை, அதற்குச் சில வேளைகளில் அளவான பலத்தைப் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசினார். காயம்பட்டவர்கள் எண்ணூறுக்கும் மேல் என்று கேட்டலோனிய அரசு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. அந்தக் கணக்கு கூடுதல் என்று மாட்ரிட்டில் இருந்த ஸ்பெயின் அரசு மறுத்ததையும் ஏற்றுக்கொள்வோம். கணக்கில் பாதியைக் கழித்தாலும் அடி அடிதானே?

நான் சொல்ல வருவது இதுதான். தனிநாட்டை அங்கீகரிக்க மறுப்பது ஒரு முடிவு. வாக்களிக்க வந்தவர்களை அடித்ததைக் கண்டிப்பது வேறொரு முடிவு. முதலாவதைச் செய்யும்போது இரண்டாவதை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஐரோப்பாவின் தலைவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அன்று வன்முறை தீர்வாகாது என்று தெளிவாகச் சொன்ன ஒரு சிலரில் பெல்ஜியம் பிரதமர் சார்ல் மிஷேலும் ஒருவர். அவருடைய கூட்டணி அரசிலேயே, பெல்ஜியத்திலிருந்து பிரிவதை இலக்காகக் கொண்ட ஃபிளெமிஷ் தேசியவாதக் கட்சி அமர்ந்திருந்தது. எங்களிடமிருந்து பிரிந்த கொசோவோவை ஏற்றுக்கொண்டீர்களே, இதை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று செர்பியா கேட்டது. கொசோவோவை இழந்த காயத்தில் கேட்ட கேள்வி அது. 2008இல் கொசோவோ தனிநாடாக அறிவித்துக்கொண்டபோது, அதை ஏற்காத ஐந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்ன பிறகும் ஸ்பெயின் அசையவில்லை. ஒவ்வொரு நாடும் தன் வீட்டுச் சுவரின் விரிசலைப் பார்த்துக்கொண்டுதான் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசியது.

ஆதரவுக் குரலையும் அப்படித்தான் எடை போட வேண்டும். எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், தெற்கே திருவிதாங்கூரின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், 1947 ஜூனில் சமஸ்தானம் சுதந்திர நாடாகும் என்று அறிவித்தார். ஜின்னா அதை வரவேற்றார். அந்தக் கடற்கரையின் மோனசைட் மணலில் அணுசக்திக்குப் பயன்படும் தோரியம் இருந்ததால் பிரிட்டனின் கண்ணும் அதன்மேல் இருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் சொந்த மக்களைச் சுட்டு வீழ்த்திய அரசுதான் அது. தனிநாட்டுக்குக் கிடைத்த அந்த வரவேற்பு, அங்கே செத்தவர்களுக்காகக் கிடைத்ததல்ல.

2017இல் இரண்டையும் பிரித்துப் பேசியவர் ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர் சைத் ராத் அல் ஹுசைன். தனிநாடு சரியா தவறா என்ற வழக்குக்குள் போகாமல், வன்முறையைப் பற்றிச் சுதந்திரமான, பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்று மறுநாளே கேட்டார். ஓர் அரசு இவ்வளவாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு நடந்தவை தெரிந்தவையே. 2019இல் ஒன்பது பிரிவினைத் தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஜூனில் அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. 2024இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொதுமன்னிப்புச் சட்டம், பிரிவினைத் தலைவர்களை மட்டுமன்றி, அன்றைய அடிக்காக வழக்கை எதிர்கொண்ட காவலர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. வாக்கெடுப்பு நாளில் பார்சிலோனாவில் ரப்பர் குண்டு பட்டு ஒரு கண்ணில் பார்வை இழந்த மனிதர் அதே நாட்டில்தான் வாழ்கிறார்.