பிற்பகல் அசதிக்கான காரணத்தை முந்தைய இரவில் தேடுங்கள்

மதியம் 2 மணிக்கு மேல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தும் அது மனத்தில் ஏறாமல் போவதும், கூட்டத்தில் அடுத்தவர் பேசும்போது கண் சொருகுவதும், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனா பாதிச் சொல்லில் கோணலாக இழுபட்டு நிற்பதும் ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்கிற ஒன்று. அப்படியிருந்தும் அதைச் சோம்பல் என்று சொல்லி மனிதர்களைக் குத்திக்காட்டும் வழக்கம் ஓய்வதாக இல்லை. மறுபுறம், இழந்த தெம்பை ஒரே மடக்கில் மீட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு விதவிதமான பானங்களும் பொடிகளும் விற்பனைக்கு வருகின்றன. இவை இரண்டையும் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். பிற்பகல் அசதி உடலின் இயல்பான தாளம். அது தாங்க முடியாத பாரமாக மாறுகிறது என்றால், காரணத்தை முதலில் தேட வேண்டிய இடம் முந்தைய இரவு என்பது என் உறுதியான கருத்து.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். சாப்பாட்டுக்கு இதில் பங்கு உண்டுதான். ஆனால் முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. மதிய உணவைத் தவிர்த்தவர்களிடமும், நேரம் என்னவென்று அறிய வழியில்லாத ஆய்வறைகளில் தங்கவைக்கப்பட்டவர்களிடமும்கூட இந்தப் பிற்பகல் தொய்வு காணப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கத்தின்படி, நம் தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம் ஒன்று. மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதன் முக்கிய அடையாளம். மற்றொன்று, உடலின் உள்கடிகாரம் நம்மை விழித்திருக்கச் செய்யத் தரும் உந்துதல். பிற்பகலில் அழுத்தம் ஓரளவு ஏறியிருக்கும். கடிகாரத்தின் உந்துதலோ இன்னும் உச்சத்தை எட்டியிருக்காது. நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் மாலையில் தானாகத் தெளிவு திரும்புவது, அந்த உந்துதல் பின்னர் வலுப்பெறுவதால்தான்.

சாப்பிட்டவுடன் ரத்தமெல்லாம் வயிற்றுக்கு ஓடிவிடுவதால் மூளை சோர்ந்துவிடுகிறது என்ற பேச்சையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். குடலுக்குக் கூடுதல் ரத்தம் போவது உண்மை. ஆனால் மூளை தனக்குரிய ரத்த ஓட்டத்தைச் சீராகக் காத்துக்கொள்ளும் உறுப்பு. உணவு வேறு வழியில் வேலை செய்கிறது. விழிப்பைத் தாங்கி நிற்கும் ஒரெக்சின் என்ற பொருளை 1998ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அதைச் சுரக்கும் மூளைச் செல்களைச் சர்க்கரை அடக்குகிறது என்றும், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் தூண்டுகின்றன என்றும் விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. மனித உடலிலும் அது அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், மாவுச்சத்தும் இனிப்பும் மிகுந்த பெரிய மதிய உணவு தொய்வை ஆழப்படுத்துகிறது என்பதை உண்டு பார்த்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். வயிறு முட்ட உண்ணாமல், புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்த அளவான உணவை உண்டு, உடனே நாற்காலியில் சாயாமல் சிறிது நேரம் நடப்பது ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதைக் குறைக்கும்.

இனி இரவுக்கு வருகிறேன். நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். முடிவில் அவர்களுடைய கவனத்திறன், இரவு முழுவதும் கண் விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. அதைவிட எனக்குக் கவலை தரும் செய்தி, அவர்களுக்கே அது தெரியவில்லை என்பதுதான். தாங்கள் கொஞ்சம் சோர்வாக இருப்பதாக மட்டுமே சொன்னார்கள். 'எனக்கு 5 மணி நேரம் போதும்' என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் என் நினைவுக்கு வருகிறது. வயது வந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015ஆம் ஆண்டில் ஒருமித்துப் பரிந்துரைத்தார்கள். அந்த 7 மணி நேரத்தைக் கொடுக்காத உடலிடம், மறுநாள் பிற்பகலில் ஏன் துவண்டுபோகிறாய் என்று கேட்பது நியாயமாகாது.

காபியும் தேநீரும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை சக்தியை உண்டாக்குவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அடினோசின் சென்று அமர வேண்டிய ஏற்பிகளில் காஃபீன் அமர்ந்துகொள்கிறது. தூக்க அழுத்தம் அப்படியே இருக்க, அதை உணரும் வழி மட்டும் சிறிது நேரம் அடைபடுகிறது. அது கடன் வாங்கிச் செலவு செய்வதற்குச் சமம். உடலில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகமாகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும் என்று பொருள். படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்துக்கொண்டவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்தது என்று 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அந்தக் குறை மறுநாள் பிற்பகலில் வந்து நிற்க, அன்று மீண்டும் ஒரு குவளை தேவைப்படுகிறது. எனர்ஜி டிரிங்க் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் வேலை செய்வதும் இதே காஃபீன்தான். கூடவே பலவற்றில் ஏராளமான சர்க்கரையும் இருக்கிறது.

இதற்கு மாறாக, குட்டித் தூக்கத்தை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். நாசா அமைப்பு நீண்ட தூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு வாய்ப்பு அளித்து ஆய்வு செய்தபோது, அவர்கள் சராசரியாக 26 நிமிடங்கள் உறங்கினார்கள்; அப்படி உறங்கியவர்களின் விழிப்புநிலையும் செயல்திறனும் உறங்காதவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டில் 5, 10, 20, 30 நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்டபோது, விழித்த உடனே பலன் தந்தது 10 நிமிடத் தூக்கம்தான். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடும் வாய்ப்பு அதிகம். அங்கிருந்து எழுப்பப்படும்போது தலை கனத்து, எங்கே இருக்கிறோம் என்றே புரியாத மந்தம் வரும். 'மதியம் தூங்கினால் இன்னும் அசதியாகிறது' என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் அளவு மீறித் தூங்கியவர்களாகவே இருப்பார்கள். அலாரத்தை 20 நிமிடத்துக்கு வைத்துவிட்டு, அறையைச் சற்று இருட்டாக்கி, 3 மணிக்கு முன்பே கண் மூடிவிட வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கண் மூடிச் சும்மா கிடப்பதே பலருக்கு ஓரளவு தெளிவைத் தருகிறது. இரவில் தூக்கம் பிடிக்காமல் அவதிப்படுகிறவர்கள் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது.

படுக்க இடமில்லாதவர்கள் எழுந்து நடக்கலாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தூக்கக் குறைவுள்ள இளம்பெண்களிடம் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 50 மில்லிகிராம் காஃபீனைவிட 10 நிமிடம் படியேறி இறங்கியது அதிகத் தெம்பைத் தந்ததாக அவர்கள் உணர்ந்தார்கள். அந்தத் தெம்பு நெடுநேரம் நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முடிந்தால் வெளியே போய் நடப்பது இன்னும் நல்லது. அலுவலக அறையின் வெளிச்சம் பொதுவாக 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைச் சுற்றியே இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். பகல் வெளிச்சம் விழிப்பைத் தூண்டுகிறது. காலையில் கிடைக்கும் வெளிச்சம் அன்றிரவு நேரத்துக்குத் தூக்கம் வரவும் உதவுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பதும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் நாள்தோறும் அசதி வாட்டினால், அதை இயற்கை என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு நெருக்கமான ஒருவர் பல ஆண்டுகளாக அதை வயதின் மேலும் வேலையின் மேலும் போட்டுக்கொண்டே இருந்தார். வேறு எதற்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அவருடைய ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 8 கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது தெரிந்தது. கருவுறாத பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் என்பது ரத்தசோகையைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சளிக்கும் ஒவ்வாமைக்கும் எடுத்துக்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியவையும் இதே அசதியைக் கொண்டுவரும். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால், எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் நிறையாது. கூடப் படுப்பவர்கள்தான் இதை முதலில் கவனித்துச் சொல்ல முடியும். ரத்தசோகை என்று தெரிந்தவுடன் காரணத்தைக் கண்டறியாமல் தாமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பதும் சரியல்ல. உடலில் எங்காவது ரத்தம் கசிந்து வீணாகிறதா என்பதை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இதில் தனிமனிதர்கள் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. கவனம் மிகத் தேவைப்படும் கணக்குகளையும் முடிவுகளையும் முற்பகலில் வைத்துக்கொண்டு, எளிய வேலைகளைப் பிற்பகலுக்கு ஒதுக்க முதலாளிகளும் மேலாளர்களும் இடம் கொடுக்க வேண்டும். வாகனம் ஓட்டுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தூக்கக் கலக்கத்தால் நேரும் விபத்துகள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் உச்சத்தைத் தொடுகின்றன. அடுத்தபடியாகக் கூடுவது பிற்பகல் 2 முதல் 4 மணி வரை. கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் சோதித்துக் காட்டிய வழி, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபியைக் குடித்த கையோடு 15 நிமிடம் கண் மூடுவது. காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் குட்டித் தூக்கமும் முடிந்திருக்கும். ஆனால் அந்த 15 நிமிடத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் நிர்வாகத்தின் கீழ் எந்த ஓட்டுநரும் வண்டியை நிறுத்த மாட்டார். ஆகவே, பிற்பகல் ஓய்வு நேரத்தைச் சம்பளத்துடன் பயண அட்டவணையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.