நம்பை விண்டோஸில் தப்பாகக் கணக்குப் போடுகிறதா?

சிங்கப்பூர் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், பைதான் நிரல்மொழியில் எண் கணக்குகளுக்குப் பயன்படும் நம்பை (NumPy) நூலகத்தைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "விண்டோஸில் நம்பை 50,000-ஐ 50,000-ஆல் பெருக்கினால் -1,794,967,296 என்கிறது. சொன்னாலும் திருத்த மாட்டார்கள். நிறுவனங்கள் மட்டுமே புகார் தர முடியும்."

அந்த எண் பொய்யில்லை, ஆனால் பழைய கதை. விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் முன்பு 32 பிட். அதில் 2,147,483,647 வரைதான் அடங்கும். 250 கோடி அதைத் தாண்டுவதால் எண் சுழன்று எதிர்மறைக்குப் போய்விடும். அணிகளில் (array, அதாவது எண்களின் தொகுப்புகளில்) இது எச்சரிக்கையே இல்லாமல் நடக்கும் என்பதுதான் ஆபத்து. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0 இதை மாற்றிவிட்டது. 64 பிட் விண்டோஸிலும் இப்போது 64 பிட்தான். பள்ளிக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால், அணியை உருவாக்கும்போதே 64 பிட் முழு எண்ணைக் குறிக்கும் இன்ட்64 (int64) என்று குறிப்பிடுங்கள், சரியாக வரும்.

இரண்டாவது பகுதி முழுப் பொய். மாணவர்களை இதுதான் பின்வாங்க வைக்கிறது என்பதால் எனக்கு வருத்தம். நம்பை திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் இருக்கும் கிட்ஹப் (GitHub) தளத்தில் கணக்கு இருந்தால் யாரும் இலவசமாகப் பிழையைப் பதியலாம். பதிப்பு எண், பிழையைக் காட்டும் நாலைந்து வரி நிரல், வந்த விடை, எதிர்பார்த்த விடை, இவ்வளவு போதும். அப்புறம் திருத்தத்தையும் நீங்களே எழுதி அனுப்பலாம். பராமரிப்பாளர்கள் பார்த்து, சோதனைகளில் தேறினால் சேர்ப்பார்கள்.