லக்கிக்குத் தனி கேன்

சாந்தி: தம்பி, இனிமேல் வாரம் ஒரு கேன் கூடுதலாகப் போடு. லக்கிக்கு மட்டும்.

முருகேசன்: சரிக்கா. என்ன ஆச்சு?

சாந்தி: நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. போர் தண்ணீர்தான் காரணமாம். ஃபுளோரைடு.

முருகேசன்: தருமபுரியில் இது புதுசாக்கா? என் பல்லில் இருக்கிற கறையைப் பாருங்க.

சாந்தி: உன் பல் எதற்கு? அவனுக்குப் பல்லே கிடையாது.

முருகேசன்: ஓ, கைக்குழந்தையா. அப்போ பால் மட்டும் கொடுங்க.

சாந்தி: பாலா! வேர் அழுகிவிடும்.

முருகேசன்: வேரா? கொஞ்சம் காலை வெயிலில் காட்டினீங்களா?

சாந்தி: நேர் வெயில் பட்டால் கருகிவிடுவான். ஹாலில்தான் நிற்கிறான். போன வாரம் ஒரு தண்டு மஞ்சளாகிவிட்டது, மற்றதும் கெட்டுப்போகக் கூடாதே என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

முருகேசன்: அக்கா, கேனை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். யார் அந்த லக்கி?

(டிவி பக்கத்தில் கண்ணாடி ஜாடி, கூழாங்கல், சிவப்பு ரிப்பன் கட்டிய நாலு குச்சி.)

முருகேசன்: இந்த மூங்கிலுக்கா?

சாந்தி: மூங்கிலே இல்லையாம். டிரசீனா. ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கத்துச் செடி.

முருகேசன்: கேமரூன்காரனுக்கே நம்ம போர் தண்ணீர் தாங்கவில்லை. பாப்பாரப்பட்டிக்காரன் நான், தாங்கிவிட்டேன்.

சாந்தி: முந்தின ராத்திரியே பிடித்துத் திறந்து வைத்துப் பார்த்தேன். அதில் குளோரின்தான் போகுமாம், ஃபுளோரைடு போகாதாம்.

முருகேசன்: அது சரி, கீழ் போர்ஷன் பிள்ளைகள் எதைக் குடிக்கிறார்கள்?

சாந்தி: போர் தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர்க் குழாய் மாடிக்கு மட்டும்தானே இழுத்திருக்கிறோம். காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

முருகேசன்: காய்ச்சினால் ஃபுளோரைடு எங்கே போகும்? தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். இந்தப் பல் பிரச்சினைக்காகவே ஜப்பானில் கடன் வாங்கி, 1,900 கோடிக்கு மேல் செலவு செய்து, 2013-ல் அந்த ஒகேனக்கல் திட்டத்தைத் திறந்தார்கள். அத்தனை தூரம் வந்த தண்ணீருக்கு உங்கள் வீட்டு மாடியிலிருந்து கீழே இறங்கத்தான் வழி இல்லை.

சாந்தி: வாடகையே குறைவாகத்தான் வாங்குகிறேன் தம்பி.

முருகேசன்: லக்கி எவ்வளவு தருகிறான்?

சாந்தி: அவன் இருந்தால் வீட்டில் பணம் தங்குமாம்.

முருகேசன்: எப்படிக்கா தங்கும், வாரம் ஒரு கேன் குடித்தால்? அவனுக்கு இலை போனால் வேறு இலை விடும். கீழே அந்தச் சின்னவளுக்கு இப்போதுதான் பால்பல் விழுகிறது, அடுத்து முளைப்பது ஒரே தடவைதான், கறையோடு வந்தால் எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது.

சாந்தி: நீ கேன் போட வந்தாயா, பல் பிடுங்க வந்தாயா?

முருகேசன்: கேன்தான். அட்டையில் மூன்று என்று எழுதட்டுமா? உங்களுக்கு ஒன்று, லக்கிக்கு ஒன்று, கீழே ஒன்று.

சாந்தி: இரண்டு என்று எழுது.

முருகேசன்: சரி. அந்தச் சின்னவள் தாகம் என்று வந்தால் லக்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.