உட்கார வைப்பதா பாதுகாப்பு?

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்குத் தினமும் உபதேசம் நடக்கிறது. ஒருவர் அப்பா, 72 வயது. இன்னொருத்தி என் தங்கை, ஏழாவது மாதம். வந்து போகிறவர்கள் அப்பாவிடம் "இந்த வயசுல எதுக்கு இந்த உடற்பயிற்சியெல்லாம்" என்பார்கள், தங்கையிடம் "குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அக்கறையில் சொல்கிறார்கள், சரி. ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உட்கார்ந்தே இருந்தால் வயதானவர்களுக்குத் தொடையில் இருக்கிற தசை கரைந்துகொண்டே போகும், அந்தப் பலம் போன பிறகுதான் குளியலறையில் விழுகிறார்கள். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், காரணமே இல்லாமல் படுக்க வைத்தால் காலில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து இன்னும் ஏறும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு பேருக்குமே வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்றுதான் இருக்கிறது (சிக்கல் இல்லாத கர்ப்பமாக இருந்தால்). முதியவர்களுக்கு அதோடு வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை பலத்துக்குமான பயிற்சி வேண்டும். இதை நம் ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நடந்தால் போதும் என்று நினைக்கிறோம், போதாது.

மிதம் என்றால் எவ்வளவு? பேச முடியணும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. கையில் கட்டிய வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை நம்பி அப்பா கொஞ்ச நாள் ஓட்டினார். அவர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை, அது துடிப்பை அவ்வளவாக ஏற விடாது. மூச்சு வாங்கும், வாட்ச் மட்டும் "இன்னும் வேகமாக" என்று சொல்லும். கர்ப்பிணிகளுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று இன்றும் சிலர் சொல்வதும் பழைய கதை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 1985-இல் சொல்லி, 1994-இலேயே கைவிட்ட எண் அது.

நான் பயப்படுவது பயிற்சியை நினைத்து இல்லை, அதன் இடையில் வரும் சில நொடிகளை நினைத்து. ஒருநாள் அப்பா தரையில் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார், போன் அடித்தது, சட்டென்று எழுந்தார், கண் இருட்டிவிட்டது. ஜன்னல் கம்பி கைக்கு எட்டியதால் தப்பித்தார். இப்போது ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்துத்தான் எழுகிறார். வேகமாக நடந்துவிட்டுப் பொசுக்கென்று நிற்பதும் அதே வில்லங்கம்தான், காலில் இறங்கிய ரத்தம் மேலே வராமல் தலை சுற்றும், கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துதான் நிறுத்த வேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் பையில் இனிப்பு ஏதாவது இருக்கணும். எலும்பு மெலிந்து பலவீனமானவர்கள் கால் விரலைத் தொடுகிறேன் என்று முதுகை வளைத்துக் குனிவதை விட்டுவிடலாம், முதுகெலும்பு நசுங்குவதற்கு அது போதும்.

தங்கைக்கு வேறு மாதிரி கவனம். முதல் மூன்று மாதம் தாண்டினால் மல்லாந்து படுத்து நீண்ட நேரம் செய்வது வேண்டாம், கனத்த கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் மூட்டுகளைத் தளர்த்தியிருக்கும், உடம்பு வளைகிறதே என்று இழுத்துக்கொண்டே போனால் அப்புறம்தான் வலி தெரியும். வயிறு முன்னால் வந்ததில் உடம்பின் சமநிலையும் மாறியிருக்கும். ரத்தக்கசிவு, நீர் கசிவு, விடாமல் வயிறு இறுக்கிப் பிடிப்பது, தலைசுற்றல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால் மருத்துவர் சொல்லாமல் தொடங்கவே கூடாது. "இதைச் செய்தால் கட்டாயம் சுகப்பிரசவம்" என்று சத்தியம் பண்ணும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.

அப்பாவுக்கு இப்போது நாற்காலிப் பயிற்சிதான். சக்கரம் இல்லாத நாற்காலி, முதுகு சுவரை ஒட்டி, காலில் சாக்ஸ் கிடையாது. கையைத் தொடையில் ஊன்றாமல் எழுந்து, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காரணும். எழும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் ரத்த அழுத்தம் எகிறும். சொன்னால் மறந்துவிடுகிறார் என்று சத்தமாக எண்ணச் சொன்னேன். எண்ணிக்கொண்டே யாரும் மூச்சைப் பிடிக்க முடியாதே. முதல் நாள் ஐந்திலேயே கை தொடைக்குப் போனது. இப்போது பத்து வரை எண்ணுகிறார், எட்டாவதில் குரல் கரகரவென்று இறங்கும், அங்கேயே நிறுத்துங்கள் என்றால் கேட்பதில்லை.