அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டாள்

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாம் கூடி ரெக்கார்டு கேட்ட கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் மறுநாள் காலையில் நம் பெரியவர் போட்ட பதிவைப் படித்துவிட்டுச் சிரிப்புக் குறி போட்டுப் போய்விட்டீர்கள். யாராவது ஒருவர் மறுத்து எழுதுவீர்கள் என்று பொறுத்துப் பார்த்தேன். யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பூரே' ஓடி முடிந்தது. கடலூரிலிருந்து முதல் முறையாக வந்திருந்த அந்தத் தங்கை, "இதைக் கேட்டா ராஜா சாரோட 'ஹவ் டு நேம் இட்' ஞாபகம் வருது" என்றாள். இளையராஜாவின் வாத்திய இசை ஆல்பத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். "இது 1969, அது 1986. எது முன்னாடி எது பின்னாடின்னு தெரிஞ்சுக்கிட்டு வாம்மா" என்று பெரியவரிடமிருந்து பதில் வந்தது. மாடியே சிரித்தது. அது அங்கேயே முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். மறுநாள் அதையே பதிவாக எழுதி, எதைக் கேட்டாலும் ராஜாவைத் தேடுகிறவர்களுக்கு புரோக்ரசிவ் ராக் (கிளாசிக்கலும் ஜாஸும் கலந்த ராக் இசை) எதற்கு என்றும் கேட்டிருக்கிறார்.

அவள் சரியாகத்தான் கேட்டாள். பெரியவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

'பூரே' ஜெத்ரோ டல் குழு சொந்தமாகக் கட்டிய மெட்டு அல்ல. பாக் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசைமேதை, லூட் என்ற நரம்பு வாத்தியத்துக்காக இ மைனரில் எழுதிய தொகுப்பில் வரும் ஒரு நடனப் பகுதி அது. இன்று கிளாசிக்கல் கிதார் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் வாசித்துப் பழகுகிற பாடம். டல் குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் அதை எடுத்துப் புல்லாங்குழலில் ஜாஸ் நடையில் ஆட விட்டார். நடுவில் பாஸ் கிதாருக்குத் தனியாக இடம் கொடுத்தார். 'ஸ்டாண்ட் அப்' ஆல்பத்தில் இருக்கிறது, 1969. சரி, 'ஹவ் டு நேம் இட்' யாருக்குச் சமர்ப்பணம்? தியாகராஜருக்கும் அதே பாக்குக்கும். அதில் ஒரு பகுதிக்கு, பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே பெயர் வைத்திருக்கிறார் இளையராஜா. பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிட்டா என்ற தொகுப்பு ஒன்றின் தொடக்கம் அப்படியே அதில் வருகிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வு எழுதியவர். பாக் அவருக்குப் பாடப்புத்தகம்.

பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகளுக்கும் முகச்சாடை ஒத்திருந்தால், யார் முதலில் பிறந்தவர் என்று பார்த்தா அந்தச் சாடை வருகிறது? இரண்டு ஆல்பத்துக்கும் பின்னால் ஒரே ஆள் நிற்கிறார். அந்த ஆளின் பெயர் தெரியாமலேயே, முதல் தடவை கேட்டதும், சாடையைப் பிடித்துவிட்டாள் ஒரு பெண். வருடக்கணக்காக ரெக்கார்டு சேர்க்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தருக்கும் அது படவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நியாயமாக நாம் அவளைத்தானே பாராட்டியிருக்க வேண்டும்?

"ராஜா ஜெத்ரோ டல் கேட்டுத்தான் செய்தார் என்கிறாயா, ஆதாரம் உண்டா?" என்று கேட்பீர்கள். அப்படி நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்றைக் கேட்கும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது என்றாள். அதைத் திருட்டுப் புகார் மாதிரி எடுத்துக்கொண்டது நீங்கள்.

இசையில் யார் யாரிடமிருந்து எடுக்கவில்லை? அந்த பாக்கையே பாருங்கள். விவால்டி நான்கு வயலினுக்கு எழுதியதை எடுத்து நான்கு ஹார்ப்ஸிகார்டுக்கு மாற்றி எழுதினார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதில் ஒன்று பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்றைய கச்சேரி மேடை எப்படி இருந்திருக்கும்? புரோக்ரசிவ் ராக்கோ, எடுத்து எடுத்தே வளர்ந்தது. கிங் கிரிம்சன் குழுவினர் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'மார்ஸ்' பகுதியை மேடையில் வாசித்தார்கள். யெஸ் குழு கச்சேரி தொடங்கும் முன் ஸ்ட்ராவின்ஸ்கி என்ற ரஷ்ய இசையமைப்பாளரின் இசையை ஒலிபரப்பிவிட்டுத்தான் மேடைக்கு வந்தது. இயன் ஆண்டர்சன் குழலுக்குள் குரலைக் கலந்து ஊதுகிறாரே, அந்த வித்தை ரோலண்ட் கிர்க் என்ற ஜாஸ் கலைஞரிடமிருந்து வந்தது. டல் குழுவின் முதல் ஆல்பத்திலேயே கிர்க்கின் ஒரு மெட்டை வாசித்திருக்கிறார்கள்.

"அப்படியானால் திருட்டு என்று ஒன்றே கிடையாதா?" உண்டு. பெயர் சொல்லாமல் எடுப்பது திருட்டு. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவினர் முதல் ஆல்பத்தில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கின் பியானோ இசையை எடுத்து வாசித்தார்கள், முதலில் வந்த ரெக்கார்டில் அவர் பெயர் இல்லை. அது தப்பு. 1971-இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்' தொகுப்பை எடுத்தபோது அவர் வைத்த தலைப்பையே ஆல்பத்துக்கும் வைத்தார்கள். அது மரியாதை. இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பிரச்சினை திருட்டே இல்லை. எந்த வரிசையில் கேட்டவர்களுக்குப் பேசும் உரிமை உண்டு என்பதுதான் பிரச்சினை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவன். லூத்தரன் குடும்பம். பெரிய வெள்ளிக்கிழமை என்றால் பாட்டி 'இரத்தம் காயம் குத்தும்' பாடுவார். ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார், அத்தனை அடியும் மனப்பாடம். இழுத்து இழுத்து, அவருக்கே உரிய கமகத்தோடு பாடுவார். அது தமிழ்ப் பாட்டு என்றுதான் நான் வளர்ந்தேன். பிறகு பாண்டிச்சேரியில் கல்லூரியில் சேர்ந்தேன். பஸ்ஸில் கன்னியக்கோயில், அரியாங்குப்பம் தாண்டிப் போய்வந்த காலம். அங்கே நல்ல ஸ்டீரியோ வைத்திருந்த ஒரு நண்பன் வீட்டில், பாக்கின் மத்தேயு பாடுகள் (இயேசுவின் துன்பங்களைப் பாடும்) இசையை முதல் முறையாகக் கேட்டேன். நடுவில் பாட்டியின் பாட்டு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இது எங்க கோயில் பாட்டு" என்று கத்திவிட்டேன். அங்கிருந்த ஒருவர், "மஞ்சக்குப்பம் சர்ச்சுக்காகத்தான் பாக் எழுதினாராக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. கேட்பேன், கேசட் கேட்டு வாங்கிக்கொள்வேன், வந்துவிடுவேன்.

நான் சொன்னதில் என்ன பிழை? அந்த மெட்டு பாக் போட்டதே அல்ல. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு. அதைச் சபையார் பக்திப் பாட்டாக்கினார்கள், பாக் 1727-இல் தன் பாடுகள் இசைக்குள் வைத்தார், 1973-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் அமெரிக்காவைப் பற்றிய ஒரு பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அதே மெட்டு கடலூரில் என் பாட்டி வாயில் தமிழில் இருந்தது. எனக்கு முதலில் பாட்டி, பிறகுதான் பாக். இந்த வரிசையை நான் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

"இளையராஜா மேலிருக்கும் பற்றில் பேசுகிறாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். ஆமாம், பற்று இருக்கிறது. ஜெனசிஸ் குழு மேலும் இருக்கிறது. அவர்களுடைய 'சப்பர்ஸ் ரெடி' இருபத்து மூன்று நிமிடத்தையும் நடுவில் எழுந்திருக்காமல் கேட்கிறவன் நான், உங்களில் சிலர் போனை நோண்டிக்கொண்டிருக்கும்போது. இன்னொருவர், பாதிப்பு எப்போதும் மேற்கிலிருந்து இங்கே வருவதுதான், இங்கிருந்து எதுவும் போகவில்லை என்கிறார். பிரிட்டிஷ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவில் அந்த வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் கர்நாடக வித்வான் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராமோடு சேர்ந்து 'சக்தி' தொடங்கினார். நம் ஊர் கடம் அந்த மேடையில் ஏறியது. அதே சக்தி குழு 2024-இல் கிராமி வாங்கியபோது நீங்கள்தானே பக்கம் பக்கமாக எழுதினீர்கள்?

"பெரியவர் வயதுக்கு மரியாதை வேண்டாமா?" வேண்டும். அவரிடமிருந்துதான் நான் ஜென்டில் ஜயண்ட் குழுவைக் கேட்டேன், அதை என்றும் மறக்க மாட்டேன். ஆனால் அவருக்கு வெளிநாட்டில் சொந்தங்கள் இருந்தார்கள், கப்பலில் ரெக்கார்டு வந்தது. எங்களுக்கு எது கிடைத்தது? காசு சேர்த்து, கடையில் தாளில் பெயர் எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஓர் ஆல்பமாகப் பதிந்து வாங்குவோம். இடம் தீர்ந்தால் பாட்டு பாதியில் அறுந்துபோகும். எந்த ஆண்டு, யார் டிரம்ஸ் என்று எழுதிய அட்டை எங்கள் கைக்கு வரவே இல்லை. வந்தது ஓசை மட்டும். அதை வைத்துக்கொண்டுதான் எது எதுபோல இருக்கிறது என்று நாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டோம். ஆண்டுக் கணக்கைப் பிறகு யாரும் படித்துக்கொள்ளலாம், இப்போது போனிலேயே இருக்கிறது. அந்தக் காதை எங்கே போய் வாங்குவது? அதைத்தான் சிரித்துச் சிரித்து வாயடைக்க வைக்கிறோம்.

அந்தத் தங்கை கூட்டத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள், கவனித்தீர்களா? முதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை. கிளம்பும்போது, கேட்ட பாட்டுகளின் பெயரையெல்லாம் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் எழுதிக்கொண்டாள்.

பெரியவரே, பதிவை எடுத்துவிடுங்கள். மாடியில் அடுத்த கூட்டத்துக்கு அவளை நானே கூப்பிட்டிருக்கிறேன், வருவாளா தெரியாது. வந்தால் அன்றைக்கு முதல் ஆல்பத்தை அவள் போடுவாள், ராஜாவோ கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃப்ரிப்போ அவள் இஷ்டம். ஒத்துவராதவர்கள் அன்று வர வேண்டாம். கீழே கருத்தில் அவள் யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று கேட்டு எழுதினால் அழித்துவிடுவேன்.