பல் பில்லும் வரிக்கழிவும்

நிதியாண்டுக் கடைசி வந்தால் போதும், வருமான வரியில் கழிவு காட்டலாம் என்று சென்னை ஆபீஸ்களில் ஆளாளுக்குப் பல் டாக்டர் பில்லைத் தேடுகிறார்கள். ரூட் கெனால், அதன்மேல் ஒரு கேப் என்று ஆயிரக்கணக்கில் போயிருக்கும். ஆனால் 60 வயதுக்குக் கீழே என்றால் அந்தப் பில்லுக்கு ஒரு பைசா கழிவு கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு அவர்களுக்குக் கழிவு தருவது மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கும், 5,000 ரூபாய் வரை உடல் பரிசோதனைக்கும்தான். அந்தக் காப்பீடோ, விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனாலொழிய பெரும்பாலும் பல் பக்கமே வராது!

முன்பாவது 15,000 ரூபாய்க்கு மெடிக்கல் பில் கொடுத்துச் சம்பளத்தில் விலக்கு வாங்கலாம். 2018-19 நிதியாண்டிலிருந்து அதுவும் போச்சு.

மிச்சம் இருக்கும் சந்து, 60 தாண்டிய அப்பா அம்மாவின் பல் செட். அவர்கள் பேரில் காப்பீடு இல்லாவிட்டால் மருத்துவச் செலவாக 50,000 வரை காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. யுபிஐ, கார்டு, செக் எதுவானாலும் சரி. கிளினிக்கில் "கேஷ்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்பார்கள். குறைத்ததைவிட, கழிவு போவதால் கூடும் வரி பெரிதா என்று முதலில் கணக்குப் போடுங்கள். துண்டுச்சீட்டில் 'டென்டல்' என்று கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். நோயாளி பெயர், தேதி, சிகிச்சை, தொகை எல்லாம் இருக்கட்டும்.

இத்தனையும் பழைய வரி முறையில் மட்டும். சும்மா இருந்தால் புது முறைதான் தானாக வந்து விழும், அதில் 80டி இல்லை. சம்பளக்காரர்கள் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கெடு தேதிக்குள். தாமத ரிட்டர்னில் பழைய முறை கேட்டால் கிடைக்காது.